பழி ஓரிடம், பாவம் ஓரிடம்: டாப் கட்டளை பற்றி ஒரு விமர்சனம்

ஒரு மென்பொருளை விமர்சிக்கிறோம் என்றால் வழக்கமாக அதன் வேகத்தையும் வசதியையும்தான் பேசுவோம். ஒரு நூலை வாசிப்பதுபோல அதை வாசிப்பதில்லை. எதை முதலில் வைக்கிறது, எதைக் கடைசிக்குத் தள்ளுகிறது, எதைச் சொல்லாமலே விடுகிறது என்றெல்லாம் கேட்பதில்லை. டாப் என்ற கட்டளையை அப்படி வாசிக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் உள்ள கோபம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் புரியாது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தது. 16 கோர். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. அதாவது சம்பளம் இல்லாத நிர்வாகி. ரூட் அதிகாரம் மட்டும் உண்டு. ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து உள்ளே நுழையப் பார்த்தேன். கடவுச்சொல் கேட்கவே ஒரு நிமிடம் ஆனது. ஒரு கோப்புறையைத் திறந்தால் திரை அப்படியே நிற்கிறது. சரி, யார் சர்வரை இப்படிப் போட்டு அழுத்துகிறார்கள் என்று பார்க்க டாப் என்று தட்டினேன்.

முதல் வரியில் லோடு ஆவரேஜ் 38. பட்டியலின் தலைப்பில் ஒரு பைத்தான் ப்ராசஸ், சி.பி.யு பத்தியில் 398 சதவீதம். பெயரைப் பார்த்தால் எங்கள் முதலாண்டு ஆய்வு மாணவர். அந்தத் திரையைப் படம் பிடித்து எங்கள் குழுவில் போட்டு "யாரோட ஜாப் இது? சர்வரே படுத்துக்கிச்சு" என்று எழுதினேன். இரண்டு நிமிடம் பதில் வரவில்லை. டாப்பிலேயே கே என்ற எழுத்தை அழுத்தி, அந்த ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து, சிக்னல் கேட்டபோது 9 என்று தட்டினேன். சில நிமிடங்களில் லோடு 38-லிருந்து 34-க்கு இறங்கியது. சரியாகத்தான் செய்திருக்கிறோம் என்ற நிம்மதியோடு தூங்கப் போனேன்.

காலையில் செய்தி வந்திருந்தது: "அண்ணா, அது என் ஜாப்தான். 62 மணி நேரம் ஓடிச்சு. இன்னும் ஆறேழு மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்." நடுவில் எங்கேயும் அவர் முடிவுகளைச் சேமித்து வைத்திருக்கவில்லை. கருத்தரங்குக்கு அனுப்ப நான்கு நாள்தான் பாக்கி. சர்வர் மட்டும் சரியாகிவிட்டதா என்றால் அதுவும் இல்லை. காலை எட்டரை மணிக்கு லோடு 90-ஐத் தாண்டியிருந்தது.

விஷயம் இதுதான். ஹார்ட் டிஸ்க் ஒன்று பழுதாகிக்கொண்டிருந்தது. ஒரு சின்ன வாசிப்புக்கே அது பல நொடிகள் எடுத்துக்கொண்டது. அதே டிஸ்க்கில் இருந்த எங்கள் உரைத்தொகுப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அட்டவணைப்படுத்தும் ஸ்கிரிப்ட் ஒன்று க்ரானில் ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய ஓட்டம் முடியாமலே அடுத்தது தொடங்கும், அதுவும் மாட்டிக்கொள்ளும். மாலை ஐந்தரைவாக்கில் தொடங்கி, நான் பார்த்த நேரத்தில் முப்பத்துநான்கு குவிந்திருந்தன. அந்த ஸ்கிரிப்டை எழுதியது நான். க்ரானில் போட்டதும் நான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது.

அதன்பிறகு நான் குழுவில் போட்ட அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். உண்மை முழுவதும் அந்தப் படத்திலேயே இருந்தது. என்னால் ஏன் வாசிக்க முடியவில்லை? பாதித் தப்பு என்னுடையது, அதைப் பிறகு சொல்கிறேன். மீதிப் பாதி டாப்பின் அமைப்பில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பாதியைப் பற்றியது.

டாப்பை முதலில் எழுதியவர் வில்லியம் லெஃபெவர். ஆண்டு 1984. வி.எம்.எஸ் இயங்குதளத்தில் இருந்த இதே மாதிரியான ஒரு கட்டளையைப் பார்த்து யூனிக்ஸுக்காக எழுதினார். இன்று லினக்ஸில் நாம் ஓட்டும் டாப் வேறு ஆட்கள் வேறாக எழுதியது, ப்ராக்.பி.எஸ் என்ற தொகுப்பில் வருகிறது. ஆனால் உருவம் அதேதான். மேலே சில சுருக்க வரிகள், கீழே ப்ராசஸ்களின் பட்டியல், சி.பி.யு அதிகம் எடுப்பது முதலில்.

1984-ன் கணினியை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு சி.பி.யு. அதைப் பலர் டெர்மினல் வழியாகப் பங்குபோட்டுக்கொண்டார்கள். ஒருவர் கனமான கணக்கை ஓட்டினால் மற்றவர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான். அந்த இடத்தில் "சி.பி.யுவை யார் தின்கிறார்?" என்பது நியாயமான கேள்வி. டாப்பின் வரிசை அந்தக் கேள்விக்கான பதில். லெஃபெவர் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நாற்பது ஆண்டுகளில் கணினி மாறிவிட்டது. ஒரு சர்வரில் 16 கோர், 64 கோர் என்பது சாதாரணம். வேலை மெதுவாவதற்கு சி.பி.யு மட்டும் காரணம் இல்லை. டிஸ்க், நினைவகம், நெட்வொர்க், பூட்டுக்காகக் காத்திருப்பது என்று பல காரணங்கள் உண்டு. கேள்வி மாறியும் வரிசை மாறவில்லை. டாப் என்ற பெயரும் கைகொடுக்கிறது. மேலே இருப்பவன்தான் குற்றவாளி என்று கண் தானாகவே முடிவுசெய்துவிடுகிறது. உண்மையில் மேலே இருப்பது உழைத்துக்கொண்டிருக்கும் ப்ராசஸ். அது குற்றமாகவும் இருக்கலாம், வாங்கிப் போட்ட இயந்திரத்தை ஒருவர் ஒழுங்காகப் பயன்படுத்துவதாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல டாப்பிடம் வழி இல்லை.

இனி மேலிருந்து கீழாக வரிவரியாக வருகிறேன்.

முதல் வரியில் மூன்று எண்கள். இதுதான் லோடு ஆவரேஜ். பழைய சரக்கு, டெனெக்ஸ் என்ற இயங்குதளத்தின் லோடு ஆவரேஜைப் பற்றிய ஆவணம் 1973-லேயே இருக்கிறது. சி.பி.யுவில் ஓடுபவை, ஓடத் தயாராக வரிசையில் நிற்பவை எத்தனை என்பதன் சராசரியாகத்தான் பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மற்ற யூனிக்ஸ்களுக்கு அது ஏறத்தாழ பொருந்தும். லினக்ஸுக்குப் பொருந்தாது. 1993-ல் லினக்ஸ் கெர்னலில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. டிஸ்க் போன்றவற்றுக்காக, இடையில் எழுப்ப முடியாதபடி காத்திருக்கும் ப்ராசஸ்களையும் இந்தக் கணக்கில் சேர்த்தார்கள். அதற்கு அன்று சொன்ன நியாயம் நல்ல நியாயம். வேகமான ஸ்வாப் டிஸ்க்கை எடுத்துவிட்டு மெதுவான டிஸ்க்கைப் போட்டால் கணினி மந்தமாகிறது. ஆனால் பழைய கணக்குப்படி லோடு குறைகிறது. இது என்ன கணக்கு என்று கேட்டார்கள். அந்த மாற்றம் எப்போது, ஏன் வந்தது என்பதைப் பழைய மின்னஞ்சல்களில் தேடி எடுத்து 2017-ல் எழுதியவர் பிரெண்டன் கிரெக். கணினித் திறன் ஆய்வில் பலரும் நம்பி வாசிக்கும் பெயர்.

ஆக, லினக்ஸில் 38 என்றால் 38 பேர் சி.பி.யு கேட்கிறார்கள் என்று பொருள் இல்லை. சிலர் சி.பி.யுவில், சிலர் டிஸ்க் வாசலில். எத்தனை பேர் எங்கே என்று அந்த எண் சொல்லாது. என் கணக்கு இப்படி இருந்தது: மாணவரின் நான்கு த்ரெட் சி.பி.யுவில், என் ஸ்கிரிப்ட் முப்பத்துநான்கு டிஸ்க் வாசலில். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகக் கையில் கொடுத்தால், கீழே 398 என்ற எண் கண்ணைப் பறிக்கும்போது, 38 முழுவதையும் அந்த 398-ன் தலையில் கட்டத்தான் தோன்றும்.

இன்னொன்று. 1, 5, 15 நிமிடச் சராசரி என்று சொல்கிறோமே, அவை நாம் பள்ளியில் படித்த சராசரி அல்ல. ஏறத்தாழ ஐந்து நொடிக்கு ஒருமுறை எண்ணி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துவிடும் கணக்கு அது. சும்மா இருக்கும் கணினியில் ஒரே ஒரு த்ரெட்டைச் சரியாக ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடச் சராசரி 1 என்று காட்ட வேண்டும் அல்லவா? 0.63-ஐ ஒட்டித்தான் காட்டும். மீதி அதற்கு முந்தைய காலத்தின் மிச்சம். நான் ப்ராசஸைக் கொன்ற பிறகு லோடு மெல்ல மெல்ல இறங்கியதும் இதனால்தான். அந்த இறக்கத்தை "சர்வர் மூச்சு வாங்குகிறது" என்று வாசித்தேன். 38-லிருந்து 4 போனால் 34. அவ்வளவுதான் நடந்தது. கழித்தல் கணக்கு.

கெர்னலில் இந்தக் கணக்கைப் போடும் கோப்பின் தலைப்பிலேயே அதை எழுதியவர்கள் ஒரு குறிப்பு வைத்திருக்கிறார்கள். இது அர்த்தமில்லாத எண்தான், ஆனால் மக்கள் இதை முக்கியம் என்று நினைக்கிறார்கள் என்பது அதன் சாரம். அவர்களே இப்படி நினைக்கும் எண்ணைத் திரையின் முதல் வரியில், அலகு எதுவும் இல்லாமல், எத்தனை கோருக்கு என்றும் சொல்லாமல் வைத்திருக்கிறது டாப்.

இரண்டாவது வரி ப்ராசஸ்களின் எண்ணிக்கை. மொத்தம் இத்தனை, ஓடுபவை, தூங்குபவை, நிறுத்தப்பட்டவை, ஸோம்பி. எங்கள் சர்வரில் இருந்த பதிப்பில் டிஸ்க்குக்காகக் காத்திருப்பவற்றுக்கென்று தனி எண் கிடையாது. அவற்றையும் தூங்குபவற்றோடு சேர்த்துவிடும். வேலை இல்லாமல் தூங்குவதும், வேலை நடக்காமல் மாட்டிக்கொண்டு நிற்பதும் ஒன்றா? முதல் வரிக்கு அந்த முப்பத்துநான்கும் பாரம். இரண்டாவது வரிக்கு அதே முப்பத்துநான்கும் தூக்கம். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன, வாசிப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

மூன்றாவது வரி சி.பி.யு. உண்மை இருந்தது இங்கேதான். என் படத்தில் யூ.எஸ் 25, டபிள்யூ.ஏ 71. அதாவது நிரல்களின் வேலைக்குப் போனது கால் பங்கு. ஏறத்தாழ முக்கால் பங்கு நேரம் சி.பி.யு சும்மா இருக்கிறது, ஆனால் டிஸ்க்கிலிருந்து ஏதோ வர வேண்டியிருக்கிறது. ஒரு வினாடி நின்று வாசித்திருந்தால் போதும், அந்தத் தம்பியின் 62 மணி நேரம் தப்பியிருக்கும். ஆனால் இரண்டு இரண்டு எழுத்தாக எட்டு எண்கள், எல்லாம் ஒரே அளவில், ஒரே நிறத்தில். 71 என்ற எண்ணுக்கும் பக்கத்தில் இருக்கும் 0.0-க்கும் தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

இந்த டபிள்யூ.ஏ எண்ணையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். அது ஒருவகைச் சும்மா இருக்கும் நேரம்தான். அதே டிஸ்க் அப்படியே பழுதாகியிருக்க, மீதி 12 கோருக்கும் யாராவது கணக்கு வேலை கொடுத்திருந்தால் டபிள்யூ.ஏ பூஜ்யத்துக்கு வந்திருக்கும். டிஸ்க் சரியாகிவிட்டது என்று பொருளா? இல்லை, சி.பி.யுவுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அவ்வளவே. கெர்னலின் ஆவணமே இந்த எண் நம்பத்தக்கதல்ல என்று எச்சரிக்கிறது. டபிள்யூ.ஏ உயர்ந்திருந்தால் அது ஒரு சாட்சி. குறைந்திருந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

அடுத்த இரண்டு வரிகள் நினைவகம். இங்கே டாப் செய்திருப்பது எனக்கு இன்றுவரை விளங்காத ஒன்று. லினக்ஸ் மிச்சமிருக்கும் ரேமைச் சும்மா விடாது. வாசித்த கோப்புகளை அங்கே வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். ஆகவே ஃப்ரீ என்ற எண் சிறியதாக இருப்பது நல்ல உடல்நிலைதான். புதிதாக வந்த பலர் அதைப் பார்த்துப் பயந்து ரேம் வாங்கியிருக்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2014-ல், கெர்னல் 3.14-ல், மெம் அவைலபிள் என்ற மதிப்பீடு வந்தது. ஸ்வாப்புக்குப் போகாமல் புதிய நிரல்களுக்கு எவ்வளவு கொடுக்க முடியும் என்பது அது. நமக்கு வேண்டிய எண் அது ஒன்றுதான். டாப் அதை எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? நினைவக வரியில் இல்லை. அதற்குக் கீழே, ஸ்வாப் வரியின் கடைசியில். ஸ்வாப்பின் ஒரு பகுதி என்றுதான் யாரும் வாசிப்பார்கள். இதற்கும் ஸ்வாப்புக்கும் சம்பந்தம் இல்லை என்று கையேட்டில் எழுத வேண்டிய நிலை. கையேட்டில் விளக்கம் எழுதிய நேரத்தில் எண்ணை இடம் மாற்றியிருக்கலாம்.

இனி பட்டியல். 398 சதவீதம் என்றதும் எனக்கு ஏன் தூக்கிவாரிப் போட்டது? நூற்றுக்கு மேல் சதவீதம் என்றால் அத்துமீறல் என்று மனசுக்குப் படுகிறது. டாப்பில் 100 என்பது ஒரு கோர். 16 கோர் சர்வரில் உச்சவரம்பு 1600. அந்த மாணவர் எடுத்தது நான்கு கோர், அதாவது இயந்திரத்தில் கால் பங்கு. எங்கள் கூடத்தின் விதிப்படி ஒருவருக்கு நான்கு கோர் அனுமதி. அவர் விதியை அப்படியே பின்பற்றியிருக்கிறார். டாப்பில் பெரிய ஐ எழுத்தை அழுத்தினால் மொத்த இயந்திரத்துக்கான சதவீதமாக மாறும், 398 என்பது 25 ஆகும். முதல் வடிவுக்கு ஐரிக்ஸ் முறை, இரண்டாவதுக்கு சோலாரிஸ் முறை என்று பெயர். இரண்டும் பழைய யூனிக்ஸ்களின் பெயர்கள். இந்தப் பெயர்களைக் கேட்டு யாருக்காவது எது என்னவென்று விளங்குமா? 25 என்று பார்த்திருந்தால் என் விரல் 9-ஐத் தேடிப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

நினைவகப் பத்திகளும் இப்படித்தான். விர்ட் என்பது முன்பதிவு செய்த முகவரிகளின் அளவு. ரேமில் அவ்வளவும் இருக்க வேண்டியதில்லை. ரெஸ் என்பது ரேமில் உண்மையில் இருப்பது. ஆனால் பல ப்ராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் பகுதியும் ஒவ்வொன்றின் கணக்கிலும் முழுதாக வரும். ஒரு தரவுத்தளத்தின் இருபது ப்ராசஸ்களின் ரெஸ் எண்களைக் கூட்டினால் இயந்திரத்தில் இருக்கும் ரேமைவிட அதிகமாக வந்து நிற்கும். ஒரே கூட்டுக்குடும்ப வீட்டை அண்ணன் தம்பி ஒவ்வொருவரும் தன் சொத்துக் கணக்கில் காட்டிய மாதிரி.

பட்டியலில் வராதவையும் உண்டு. டாப் சில நொடிகளுக்கு ஒருமுறை ப்ராக் கோப்புறைக்குள் போய், அந்த நேரத்தில் உயிரோடு இருக்கும் ப்ராசஸ்களை எண்ணிக்கொண்டு வருகிறது. வழக்கமாக 3 நொடி இடைவெளி. இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே பிறந்து செத்தவை அதன் கண்ணில் படாது. ஆயிரக்கணக்கான உரைக் கோப்புகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் செட், ஆக், க்ரெப் என்று தனித்தனியாக அழைக்கும் ஷெல் ஸ்கிரிப்டை எழுதாத உரை ஆய்வாளர் உண்டா? அதை ஓட்டிவிட்டு டாப்பைப் பாருங்கள். மேலே சி.பி.யு வேலைசெய்கிறது என்று காட்டும். கீழே பட்டியலில் அதற்குப் பொறுப்பான பெயர் இருக்காது. செலவு எழுதியிருக்கிறது, யார் செலவழித்தார் என்று எழுதவில்லை.

டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டினால் நிலைமை இன்னும் வேடிக்கை. வழக்கமான அமைப்பில், பட்டியல் உங்கள் கன்டெய்னருடையது. மேலே உள்ள லோடும் நினைவகமும் முழு இயந்திரத்துடையவை. பக்கத்து வீட்டு மின்கட்டண ரசீதை நம் வீட்டுச் சுவரில் ஒட்டிய மாதிரி. உங்களுக்கு 2 ஜிபி வரம்பு இருக்க, திரையில் 64 ஜிபி என்று இருக்கும், நிம்மதியாக இருப்பீர்கள், வரம்பைத் தாண்டிய நொடியில் கெர்னல் உங்கள் நிரலைக் கொன்றுவிடும்.

இவ்வளவு சொன்னாலும் டாப்பை நான் விட்டுவிடவில்லை. அதன் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். எந்த லினக்ஸ் சர்வருக்குள் போனாலும் பெரும்பாலும் அது இருக்கும். எதையும் நிறுவத் தேவையில்லை. மூச்சுத் திணறும் இயந்திரத்திலும் எப்படியோ திறந்துவிடும். 1-ஐ அழுத்தினால் ஒவ்வொரு கோரும் தனியாகத் தெரியும். பெரிய ஹெச் அழுத்தினால் த்ரெட்கள் தெரியும். சி அழுத்தினால் முழுக் கட்டளையும் தெரியும். எஃப் அழுத்தி எந்தப் பத்தியின்படியும் வரிசைப்படுத்தலாம். எஸ் என்று ஒரு பத்தி இருக்கிறது. ப்ராசஸின் நிலை அதில் ஒரே எழுத்தில் வரும். டி என்றால் எழுப்ப முடியாத காத்திருப்பு. என் படத்தின் அடியில் நான்கு வரிகள் என் பெயரில் இருந்தன. நான்கிலும் டி. சி.பி.யு 0.7, 0.3, 0.3, 0.3. மீதி முப்பது திரைக்குக் கீழே. கருவி சொல்லத்தான் செய்தது. மெதுவாகச் சொன்னது, அடியில் சொன்னது. நான் மேலேயே நின்றுவிட்டேன்.

2004-ல் ஹிஷாம் முஹம்மத் எழுதிய ஹெச்டாப் இதைவிட நல்லது என்று பலர் சொல்வார்கள். வண்ணம் உண்டு, கோருக்கு ஒரு பட்டை உண்டு, உருட்டிக் கீழே போகலாம். எனக்கும் பிடிக்கும். ஆனால் தொடக்க வரிசை அங்கேயும் சி.பி.யுதான். அன்று இரவு ஹெச்டாப் திறந்திருந்தால் அதே தம்பியை வண்ணத்தில் பார்த்திருப்பேன்.

அப்படியானால் எப்படி இருந்திருக்க வேண்டும்? "யார் அதிகம் எடுக்கிறார்?" என்ற இடத்தில் "யார், எதற்காகக் காத்திருக்கிறார்?" என்று கேட்க வேண்டும். நமக்குக் கணினி மெதுவாகத் தெரிவது நாம் காத்திருப்பதால்தான். இந்தக் கேள்விக்கு லினக்ஸிலேயே பதில் வந்துவிட்டது. 2018 டிசம்பரில் வெளிவந்த கெர்னல் 4.20-ல் பி.எஸ்.ஐ என்ற வசதியைச் சேர்த்தார்கள். ஃபேஸ்புக்கில் இருந்த ஜொஹானஸ் வைனர் எழுதியது. ப்ராக் கோப்புறைக்குள் பிரஷர் என்று ஒரு கோப்புறை, அதற்குள் சி.பி.யு, நினைவகம், உள்ளீடு-வெளியீடு மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு. கடந்த 10 நொடி, 60 நொடி, 300 நொடியில் எத்தனை சதவீத நேரம் ஏதாவது ஒரு வேலையாவது இந்த வளத்துக்காகத் தடைபட்டு நின்றது என்பது ஒரு வரி. வேலை இருந்தவை எல்லாமே ஒரே நேரத்தில் தடைபட்டு நின்றது எவ்வளவு என்பது இன்னொரு வரி. இந்த எண்களுக்கு அலகு உண்டு, எதற்கான காத்திருப்பு என்பதும் உண்டு. அன்று எங்கள் சர்வரில் இது இருந்திருந்தால் சி.பி.யு கோப்பில் பூஜ்யத்தை ஒட்டியும் டிஸ்க் கோப்பில் நூறை ஒட்டியும் இருந்திருக்கும். மூன்றே கோப்பு. சில விநியோகங்களில் இதைத் துவக்க அமைப்பில் இயக்க வேண்டியிருக்கும். புதிய ஹெச்டாப்பில் விரும்பினால் இதைத் திரையில் சேர்த்துக்கொள்ளலாம். விரும்பினால் என்பதுதான் பிரச்சினை. லோடு ஆவரேஜுக்கு யாரும் விருப்பம் கேட்பதில்லை.

பாதித் தப்பு என்னுடையது என்றேன். அது வாசிப்புத் தப்பு மட்டும் இல்லை. சந்தேகம் வந்தால் சோதிக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்கும் ஆள் நான். இங்கே சோதிக்க மிக எளிய வழி இருந்தது. டாப்பில் கே அழுத்தினால் எந்த சிக்னலையும் அனுப்பலாம். 9 கொல்லும், அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. 19 அனுப்பினால் ப்ராசஸ் அப்படியே உறைந்து நிற்கும். 18 அனுப்பினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். 19 அனுப்பி ஒரு நிமிடம் காத்திருந்தால் சர்வர் அப்போதும் திணறுவது தெரிந்திருக்கும். 18 அனுப்பியிருந்தால் 62 மணி நேரம் பத்திரமாக இருந்திருக்கும். இழப்பு ஒரு நிமிடம்.

இதில் என்னை உறுத்தும் சின்ன விஷயம் ஒன்று உண்டு. டி நிலையில் நிற்கும் ப்ராசஸுக்கு 9 அனுப்பினாலும் அது உடனே சாகாது. காத்திருக்கும் வாசிப்பு முடிந்து வரும்வரை எந்த சிக்னலும் அதைத் தொடாது. அன்றைக்கு சர்வரை அடைத்துக்கொண்டிருந்த என் ப்ராசஸ்களை என்னால் எளிதில் கொன்றிருக்க முடியாது. ஒழுங்காக உழைத்துக்கொண்டிருந்த ஒன்றுதான் சொன்னவுடன் செத்தது.

அந்த மாணவர் தரவைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டினார். அதன் முடிவுகளோடுதான் கட்டுரை போனது. டிஸ்க் மாற்றிய அன்று மாலை அவரிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன், க்ரான் ஸ்கிரிப்ட் என்னுடையது என்பதையும் சேர்த்து. அவர் கோபப்படவில்லை. "பரவாயில்லண்ணா. ஆனா கொல்றதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கலாம். நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன், குரூப்பைத்தான் பார்க்கல" என்றார்.

என் ஸ்கிரிப்டில் இப்போது ஒரு பூட்டு வைத்திருக்கிறேன். முந்தைய ஓட்டம் முடியாவிட்டால் அடுத்தது தொடங்காது. டாப்பைத் திறந்தால் முதலில் மூன்றாவது வரி, பிறகு எஸ் பத்தி, அதன்பிறகுதான் பட்டியலின் தலைப்பு. பிரஷர் கோப்புகள் இருந்தால் டாப்புக்கு முன்னால் அவை. கூடத்தில் எல்லோருடைய போன் எண்களையும் எழுதிய ஒரு தாளை வாங்கி என் வீட்டு மேசையில் ஒட்டியிருக்கிறேன்.